அசையாத மூடி

“சார், கையை எடுங்க. அவங்களே திறக்கட்டும்.”

தெரபிஸ்ட் அதட்டியதும் கப்பல் இஞ்சினீயர் சுட்டுக்கொண்டவர் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“பழக்கதோஷம்மா. இவ தவிக்கறதைப் பார்த்தா கை தானா போகுது.”

மேசைமேல் காப்பித்தூள் பாட்டில். அதற்கு முன்னால் அவர் மனைவி, மூட்டுவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிப்போனவள். அடுப்பும் குழாயும் அலமாரியுமாக ஒரு வீட்டுச் சமையலறை போலவே இருக்கும் இந்த அறை, ஆஸ்பத்திரியில் மூட்டு நோயாளிகள் அன்றாட வேலைகளுக்குக் கையைத் திரும்பப் பழக்கும் இடம். அவரவர் வீட்டுச் சாமானிலேயே பழக வேண்டும் என்பது தெரபிஸ்ட்டின் முறை. பாட்டிலும் அப்படித்தான் இஞ்சினீயரின் பையில் வந்திருந்தது.

“விரலால பிடிக்காதீங்கம்மா. உள்ளங்கையை மூடிமேல அழுத்தி, தோள்லேர்ந்து திருப்புங்க.”

அந்த அம்மாள் திருப்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருப்பினாள். மூடி அசையவில்லை.

“சட்டைப் பொத்தான் போடறாங்க, குழாய் திறக்கறாங்க, கெட்டிலைத் தூக்கி ஊத்தறாங்க” என்றாள் தெரபிஸ்ட். “இது ஒண்ணுதான் சார் இடிக்குது.”

“அந்த ஒண்ணுதாம்மா முக்கியம். ஒரு பாட்டிலைத் திறக்க முடியாதவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படிக் கப்பல் ஏறறது? ரிட்டயர் ஆக இன்னும் ஒரே ஒரு பயணம்தான் பாக்கி. கம்பெனிக்காரன் இன்னைக்குள்ள பதில் சொல்லுங்கறான். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவானாம். இவளுக்கு அதெல்லாம் எங்க புரியுது?”

“புரியாமத்தான் இந்த முக்கு முக்கறேனாக்கும்” என்றாள் மனைவி.

“நீ முக்கற லட்சணத்துக்குக் கப்பல் கரையிலயே துருப்பிடிச்சுடும்.”

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“கம்பெனிதான். பேசிட்டு வந்துடறேன். பாட்டிலை அப்படியே வைங்கம்மா, நான் வந்து திறந்து தரேன்.”

அது வழக்கம்தான். ஒவ்வொரு முறையும் கடைசியில் அவர் பாட்டிலை வாங்கி, ஒரே திருகில் திறந்து, ‘இதுக்கா இவ்வளவு பாடு’ என்று சிரிப்பார்.

கதவு சாத்திக்கொண்டதும் தெரபிஸ்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? வெளியில காத்திட்டிருந்தப்ப, பக்கத்துல இருந்த பெரியவரோட தண்ணி பாட்டிலைத் திறந்து குடுத்தீங்க. அவரால முடியாததை நீங்க சுலபமா திறந்தீங்க. நான் பார்த்தேன்.”

“அது திறந்துச்சு. இது திறக்கலையே.”

“சார் கப்பலுக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடலாமேம்மா. இப்படிக் கையைச் சாக்கா வெச்சு...”

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

“நடிக்கறேங்கறியா? கல்யாணமான நாள்லேர்ந்து வழியனுப்பறதே என் வேலைம்மா. புதுசா என்ன நடிக்கப்போறேன்? அவருக்குத் தரையில கால் தரிக்காது. அப்படிப்பட்ட மனுஷனை அடுப்படியில கட்டிப்போட்டுட்டேன். கடைசிப் பயணமும் என்னால கெட்டுச்சுன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவர் எதிர்ல உட்காருவேன்? இன்னைக்கு எப்படியாவது திறந்துடணும்னுதான் வந்தேன்.”

அந்தக் குரலில் பொய் இல்லை. தெரபிஸ்ட்டுக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பாட்டிலை எடுத்துத் தானே திருகினாள்.

அசையவில்லை.

ரப்பர் துணியைச் சுற்றித் திருகினாள். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. கடைசியில் ஸ்பூன் முனையை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்ப, ‘டப்’பென்று காற்று போய், காப்பி மணம் அறையெங்கும் பரவியது.

“இதைக் காலையில யாரும்மா மூடினது?”

“அவர்தான். என்னை எங்க அடுப்படிப் பக்கம் விடறார்? இங்க கிளம்பற அன்னைக்கெல்லாம் தனியா உள்ள போய் நின்னு மூடுவார். முக்கற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். தூள் கொட்டிடக் கூடாதுன்னு...”

பாதியில் நிறுத்திவிட்டு மூடியைப் பார்த்தாள்.

வராந்தாவிலிருந்து இஞ்சினீயரின் குரல் வந்தது. “இல்ல சார், இன்னும் சரியாகலை. ஆமா, வேற ஆளைப் போட்டுடுங்க. என்ன பண்றது, என் தலையெழுத்து!” தலையெழுத்தை நொந்துகொள்பவரின் குரல் இவ்வளவு உற்சாகமாக இருந்து தெரபிஸ்ட் கேட்டதில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் வீங்கிய விரலைத் தன் உதட்டின்மேல் வைத்தாள். பிறகு மூடியை எடுத்துப் பாட்டிலில் பொருத்தி, உள்ளங்கையை அழுத்தி, சொல்லிக்கொடுத்தபடியே தோளிலிருந்து திருப்பினாள். இன்னொரு முறையும் திருப்பினாள்.

இஞ்சினீயர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். “என்ன, திறந்துச்சா?”

“எங்கங்க? அசையவே மாட்டேங்குது” என்று பாட்டிலை அவரிடம் நீட்டினாள் மனைவி.

ஒரே திருகில் திறக்கப்போனவர், இந்த முறை இரண்டு கையாலும் முக்க வேண்டியிருந்தது.