ஆத்தாவிடம் ஒரு கேள்வி

ரேகாவுக்கு வயிறு எரிந்தது.

அப்பா தங்கராசுவின் காலில் புண் புரையோடி, இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. மரக்காணம் உப்பளத்துத் தண்ணீரிலேயே ஊறின கால். சர்க்கரை வேறு. "இன்னிக்கே விரலை எடுத்தாத்தான் கால் தப்பிக்கும்" என்று பாண்டிச்சேரி டாக்டர் போனில் சத்தம் போட்டுவிட்டார்.

அம்மா பாஞ்சாலையோ, பூ கேட்டே ஆகவேண்டும் என்று வண்டியை மாரியம்மன் கோயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, மாரியாத்தா எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சா?"

"வாயைக் கழுவுடி. ஆத்தா உத்தரவு இல்லாம உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரு."

"வெரல் இல்லாம உப்புப் பாத்தியில எப்படி ஊனி நிப்பேன்? உப்பு வார்ற பலகையை எப்படி இழுப்பேன்? ஒண்ணும் புரியல எனக்கு. ஆத்தா சொல்லட்டும்" என்றார் தங்கராசு.

வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு மனுஷனுடைய காலை அரளிப்பூ முடிவு செய்ய வேண்டுமாம்!

வழக்கப்படி பாஞ்சாலை வீட்டிலேயே பூவை வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு பொட்டலத்தையும் பூசாரி பாலகுரு அம்மன் காலடியில் வைத்தார்.

பாஞ்சாலை கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்க தாயே, மன்னிச்சுக்க."

ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடி மாசம் பூராவும் செருப்புகூடப் போடாதவள் இவள்.

"நீ என்ன தப்பு பண்ணிட்டே, மன்னிப்பு கேக்குறதுக்கு? ஆத்தாதாம்மா உங்கிட்ட கேக்கணும்!"

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

தங்கராசுவின் முகமே மாறிப்போனது. "ஆத்தா சொல்லிட்டா. இனிமே எனக்கென்னா பயம்?" என்று பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி அவராகவே வண்டிக்கு நடந்தார். டாக்டர் சொல்லி, நர்ஸ் சொல்லி, பெற்ற மகள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் அசையாத மனுஷன்!

ரேகாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"செவப்பு வந்திருந்தா? சொல்லும்மா. காலு அழுகட்டும்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியா?"

"வராது."

"எப்படி வராது? இதோ இருக்குது பாரு!"

மிச்சமிருந்த பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்து நூலை அறுத்தாள். அம்மாவின் மூஞ்சிக்கு நேரே பிரித்துக் காட்டினாள்.

அதிலும் வெள்ளை அரளி.

பாஞ்சாலை அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விட்டுடாதடி" என்றபடி, இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."