வக்கீலின் தண்ணீர்

சோதனைக் குழாயில் தண்ணீர் சிவக்கவில்லை.

பல் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குலுக்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வெளிர் மஞ்சள். அழுக்கே இல்லை. கடல் இதைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு ஒரு மைல் உள்வாங்கியிருக்கும்.

போன மாதம் வரை, மருந்துச் சொட்டு விட்டதுமே இதே தண்ணீர் ரத்தமாய்ச் சிவக்கும். ஹாலில் இருந்த கடல்மீன் தொட்டியில் அத்தனை கழிவு. டாக்டர் என்னதான் செய்யவில்லை? வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினார். உப்பைத் தங்கம் மாதிரி நிறுத்துக் கரைத்தார். வடிகட்டிக்கு மேல் வடிகட்டி வைத்ததில், ஹாலுக்குள் வந்தவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள்.

கடைசியில் அலங்கார மீன் கடைக்காரர்தான் கேட்டார். "சார், தீனி கூடிப்போச்சு. வீட்டுல யார் யாரு போடறீங்க?"

"நான் மட்டும்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தவர், வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மனைவி தொட்டிமேல் குனிந்து தீனி தூவிக்கொண்டிருந்தாள்.

நான் போட்டாயிற்று, நீ போடாதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் பேச்சு நின்று வெகுகாலம். ஊரார் வாயையெல்லாம் 'ஆ' என்று திறக்க வைத்தவர் தன் வீட்டில் வாய் திறப்பதில்லை. சண்டை எதற்காக ஆரம்பித்தது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. முதலில் பேசிவிடக் கூடாது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

பேச வேண்டியதையெல்லாம் தொட்டியிலிருந்த ஒற்றை மீனிடம் பேசினார்கள். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. பெயர் வக்கீல்.

"வக்கீலய்யா, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்க கட்சிக்காரர்கிட்ட சொல்லுங்க" என்பாள் அவள்.

"சாயங்காலம் சிலிண்டர் வந்துடும்னு அந்தத் தரப்புக்குச் சொல்லுப்பா" என்பார் இவர்.

வக்கீல் இரண்டு பேருக்கும் வாயைத் திறந்து மூடும். ஒரு முழுக் குடும்பமே கட்டைவிரல் நீள மீனின் வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

தீனி விஷயத்தையும் வக்கீலிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால், இருவரும் ஒரே மீனுக்காக உருகுகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் டாக்டர் அன்றைக்கே தீனி போடுவதை நிறுத்தினார். தியாகம் செய்த மாதிரியும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது.

இதோ பலன்! தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பவளங்கள் கைக்குழந்தையின் விரல்கள் மாதிரி விரிந்து நின்றன. இந்த மாதம் முழுக்க டாக்டருக்குத் தண்ணீரைப் பார்க்கவே பொழுது போதவில்லை. மீனை எங்கே பார்ப்பது? அது பாறை இடுக்கிலேயே கிடந்தது. வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கிறது என்று விட்டுவிட்டார். இடுக்கைப் பார்த்தே சேதி சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. குழாயை ஏந்திக்கொண்டு தொட்டியருகே போனார். வக்கீலிடம் காட்டிச் சொல்ல வேண்டும். சமையலறை வரை கேட்க வேண்டும்.

இடுக்கிலிருந்து இறால்தான் வெளியே வந்தது. மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கட்டும் என்று அவரே வாங்கி விட்ட இறால்.

அது ஏதோ ஒரு துணுக்கை இழுத்துக்கொண்டு வந்தது. ஆரஞ்சுத் துணுக்கு. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை.

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள்.

"வக்கீலய்யா..." என்றாள் தொட்டியிடம். "அவரு போடறதைப் பார்த்துட்டுதானே நான் நிறுத்தினேன்?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

பிறகு, திரும்பாமல், அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்து, "நானும்தான்னு சொல்லுப்பா" என்றார்.