திறந்திருந்த இடப்பக்கக் கதவு

ஞானதிரவியத்தின் பழைய காரைத் தள்ளிவிடுவது எங்கள் தெருவுக்கே பொது வேலை. ஒருமுறை உறுமிவிட்டால் அவர் நிறுத்தமாட்டார். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. அவர் மனைவி ரூபி இருபது வருஷமாகக் கூடவே ஓடித்தான் ஏறிக்கொள்கிறாள். புடவையைத் தூக்கிப் பிடித்து அவள் ஓடுவதைப் பார்க்கவே நான் அந்த நேரத்தில் வாசல் பெருக்குவேன். இன்றைக்கு அவளுக்கு வயிற்றில் கட்டி ஆபரேஷன். பையோடு நின்றாள்; ஓடவில்லை.

"இன்னைக்கு ஒருநாள் நிறுத்துங்க."

"நின்னா அவ்வளவுதான். ஏறிரு ரூபி," என்றபடி அவர் தெருவைச் சுற்றப் போனார். இரண்டாம் சுற்றிலும் அதையேதான் சொன்னார். மூன்றாம் சுற்றில் வேகத்தைக் குறைத்து, எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவர் அளவுக்கு அதுவே பெரிய மரியாதை. கார் திரும்பி மறைந்ததும் ரூபி ரோட்டுக்கு நடந்து கை காட்டினாள். பஸ் நின்றது, ஏறிப் போய்விட்டாள்.

நாலாம் சுற்றில், "எங்க அவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊர்ச்சேதி சொல்லிப் பழகிய வாய்தான் எனக்கு. நான் சொல்லி முடிப்பதற்குள், திறந்த கதவு ஆடியபடி கார் கடந்துவிட்டது. இதோ, மறுபடி ஹாரன் கேட்கிறது.