விளக்கக் கடிதம்

மாணவர் விசாவை நீட்டிக்கக் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே பெனசீர் கொடுத்த விண்ணப்பம், பல்கலைக்கழக அலுவலர் குணசீலனின் மேசை இழுப்பறையிலிருந்து இன்றுதான் வெளியே வந்தது, முதல் பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறையோடு. மூன்று முறை கேட்டபோதும் ‘அனுப்பியாச்சும்மா’ என்று கூசாமல் சொன்ன மனிதர். கெடு தாண்டிவிட்டது. இப்போது இந்த நாட்டில் அவள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள்.

“என் கவனக்குறைவால லேட்டாயிடுச்சுன்னு எழுதிக் குடும்மா. விசாவை மறுபடி வாங்கிடலாம். நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க, நான் பாத்துக்கறேன்” என்று பேனாவை நீட்டினார்.

“எழுதலைன்னா?”

“ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.”

அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். கவனக்குறைவு, அலட்சியம், மன்னிப்பு எல்லாம் வந்தன. பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“கையெழுத்துப் போடுங்க சார்.”