கிளாப் பலகை விழுந்தது

விண்வெளித் தொடர் பாதியில் நின்றுபோனது. அதில் நடித்த தகர ரோபோவையும், கதாநாயகியின் வெள்ளை விண்வெளி உடையையும் சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். கடைசிக் காட்சியில் ரோபோ, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றதோடு படப்பிடிப்பு முடிந்திருந்தது.

"ஏய் தகரம், என்னதான் சொல்ல வந்தே?" என்று உடை அடிக்கடி கேட்கும்.

"வசனம் இன்னும் எழுதி வரலையே," என்று ரோபோ கூச்சப்படும். "கிளாப் அடிக்காம நான் பேசினதும் இல்லை."

"ரொம்ப ஒழுங்கு தம்பி நீ," என்று அலமாரியிலிருந்து கிளாப் பலகை சிரிக்கும்.

ஒரு நாள் உடையை விலைக்கு வாங்க ஓர் ஆள் வந்தார். "உடை மட்டும் போதும்," என்று வாசலில் அவர் சொல்வது கேட்டது.

"இப்பவாவது சொல்லேன்," என்றது உடை.

ரோபோ கிளாப் பலகையைப் பார்த்தது. பலகை மெல்ல நகர்ந்து, விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. டக்!

"போகாதே," என்றது ரோபோ.

"இதுதான் வசனமா?"

"இல்லை. நானா சொல்றேன்."

வந்தவர் உடையைத் தூக்கினார். அதன் கையுறை தகர விரல்களுக்குள் இருந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"கிழிஞ்சிடும்போல இருக்கு," என்றார். "சரி, இதையும் சேர்த்தே எடுத்துக்கிறேன்."