மரியாதை தெரியாத விண்மீன்

"நீ போட்ட கணக்கு தப்பு. திரும்பப் போடு."

திரையில் வந்து விழுந்த அந்த 'நீ'யைப் பார்த்ததும் தர்மோசுவிதோவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. வயது எழுபத்தொன்று, இருபத்திரண்டு வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். சோலோ நகரத்தில் அவர் தெருவில் நடந்தால், சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அவரிடம் ஒரு ஜாவாக்காரன், பெரியவர்களுக்கான பேச்சை விட்டுவிட்டு, ஆடு மேய்க்கிற பையனை விரட்டுகிற பேச்சில் பேசுகிறான்!

எல்லாம் இந்தக் காசில்லாத இணைய வகுப்பால் வந்த வினை. வானவியல், ஆறு வாரம், யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றார்கள். சேரப் போனால், குடும்பப் பெயர் எழுதாமல் படிவம் நகரவில்லை. ஜாவாவில் நல்ல மனிதனுக்குப் பெயர் ஒன்றுதான். அது அந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதே பெயரை இரண்டு முறை அடித்தார். பிறகு போக்குவரத்து விளக்குப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, தான் ஓர் இயந்திரம் இல்லை என்று வேறு நிரூபிக்க வேண்டியிருந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். சென்ற ஞாயிறு உறவினர் கூட்டத்தில், "நம்ம வம்சத்துல வானவியல் சான்றிதழ் வாங்குற முதல் ஆள் நான்தான்" என்று சொல்லியாகிவிட்டது. அதை மாட்ட அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியும் அடித்தாகிவிட்டது.

கடைசிப் பாடத்துக்கு ஒரே ஊர்க்காரர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டார்கள். உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை இருவரும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் சான்றிதழ். இன்று மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது. அவருக்கு வாய்த்த கூட்டாளி, முகமும் சொந்தப் பெயரும் காட்டாத 'விண்மீன்79'.

'எழுபத்தொன்பதுல பொறந்தவன். என் மூத்த மகன் வயசு' என்று பல்லைக் கடித்தபடி ஒற்றை விரலால் அடித்தார்: "நேற்று என் நிழல் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அதுதான் சரி. நான் தலைமையாசிரியர்."

"அறுபது. உன் குச்சி வடக்கே சாஞ்சு நிக்குது. நேரா நட்டு, இன்னைக்கு மறுபடியும் அள."

எண்ணைப் பார்த்தே திசை சொல்கிறானாம்! பெரிய ஜோசியன்!

"பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு. என் முழுப்பெயர் மேலே இருக்கிறது."

"ரெண்டு தடவை இருக்கு. பேரை ரெண்டு தடவை போட்டா மரியாதையும் ரெண்டு பங்கு வந்துடுமா?"

மேசையை ஓங்கித் தட்டினார். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து அக்கா வினார்சி எட்டிப் பார்த்தார். தம்பியைவிட எட்டு வயது மூத்தவர். நாள் முழுக்கக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பொம்மலாட்டப் பாட்டோ எதுவோ கேட்டபடியே சோயாவில் செய்த தெம்பே பொரிக்கிறவர்.

"யாரோட மல்லுக்கு நிக்கிறே?"

"ஒரு பொடிப்பய அக்கா. நீங்களே சொல்லுங்க, என்னைப் பார்த்து 'நீ'ங்கிறான்!"

"அப்படி என்னதான் சொன்னான்?"

"என் கணக்கு தப்பாம்."

"தப்பா?"

"அதுவா இப்ப முக்கியம்?"

அக்கா கரண்டியால் தலையைச் சொறிந்துகொண்டார். "அளந்து பார்த்துட்டா முடிஞ்சு போச்சு. உச்சிக்கு இன்னும் அரைமணி இருக்கே."

"அவன் சொல்லி நான் அளக்கறதா? சான்றிதழ் போனாலும் போகட்டும். அப்பா பேரு போகக்கூடாது."

அக்கா உள்ளே போனார். தர்மோசுவிதோ மறுபடி ஒற்றை விரலை உயர்த்தினார். "துணிவிருந்தால் உடனே என் வீட்டுக்கு வா. என் முன்னால் உட்கார்ந்து, முறையான பேச்சில் மன்னிப்புக் கேள்."

பதில் வந்தது.

"வர்றேன். நல்ல நாற்காலியைத் துடைச்சு வை."

கொழுப்பைப் பார்! எழுந்து பாத்திக் சட்டையை மாட்டினார். தலைப்பாகையைக் கண்ணாடியில் சரி செய்தார். விருந்தினருக்கான தேக்கு நாற்காலிக்கு எதிரே முதுகு சாயாமல் உட்கார்ந்து, வாசல் கேட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இரண்டு முறை ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

கேட் திறக்கவில்லை. பின்கட்டுத் திரைதான் விலகியது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உறவினர் கூட்டத்துக்கு மட்டும் உடுத்துகிற பச்சைக் கெபாயாச் சட்டையில் இருந்தார். நேராக வந்து தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அதுல உட்காராதீங்க. அந்தப் பய வர்ற நேரம்."

அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்து, அவர் பக்கம் திருப்பினார். 'துணிவிருந்தால் உடனே என் வீட்டுக்கு வா' என்று திரை ஒளிர்ந்தது. அதற்கு மேலே அவர் பெயர் இரண்டு முறை இருந்தது.

தர்மோசுவிதோவின் முதுகு அன்றைக்கு முதல் தடவையாக வளைந்தது.

அக்கா சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"மூணாம் வகுப்போட என்னைத்தானே நிறுத்தினாரு, கணக்கையுமாடா நிறுத்தினாரு?"