ஆறாத குழி

"இன்னும் ஆறலியே, பாலாமணியக்கா! பல்லப் புடுங்கி எத்தன மாசமாச்சு?"

டாக்டர் கைறுன்னிஸா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி. எலும்பு வளரவே இல்லை.

"ரத்தத்துல சீனி கூடுற வருத்தமும் இல்ல. வெத்தல போடுறீங்களா?"

"தொடுறதே இல்லீங்க, டாக்டரம்மா."

"தூங்குறீங்களா?"

பாலாமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. மாத்தளையில் யாருக்குத்தான் தெரியாது? ஆளைக் கடத்திப்போகும் வெள்ளை வேனுக்குப் பயந்து ஊரே பொழுது சாயுமுன் கதவடைத்த காலம் அது. பலாபத்வலப் பக்கத்துத் தோட்டத்தில் இவளுடைய ஒரே மகன் அழகுமுத்து காணாமல் போனான். அவன் போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொலிஸ், ஆமி கேம்ப், அரசாங்கக் கச்சேரி என்று இவள் ஏறாத படி இல்லை.

"மனசு ஓயாமப் பதறிக்கிட்டே இருந்தா, அக்கா, உடம்புல ஒரு சுரப்பு கூடிப்போகும். அது புது எலும்பக் கட்ட விடாது. கொஞ்சம் நிம்மதியா இருக்கப் பாருங்க."

சொன்ன பிறகு கைறுன்னிஸாவுக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளையைத் தொலைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

அடைமழை ஓய்ந்த பிறகு பாலாமணி மறுபடியும் வந்தாள். புதிய படத்தைத் தூக்கிப் பிடித்த கைறுன்னிஸா அப்படியே நின்றுவிட்டாள். குழியைக் காணோம். வெள்ளை வெளேரென்று, இழை இழையாகப் பின்னி, எலும்பு நிறைந்திருந்தது. எத்தனையோ வாய் பார்த்தவள்தான். ஆனாலும் படத்தை மறுபடியும் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மனசு எங்கே, தாடை எங்கே!

"சுபஹானல்லாஹ்!" என்றாள், தன்னை மறந்து.

மறுகணம் படத்தைக் கீழே வைத்தாள். அழகுமுத்து திரும்பி வரவில்லை. வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். அப்படியானால், தாய் மனசு தளர்ந்துவிட்டதா?

"அக்கா, மகன் வருவான்ங்கிற நம்பிக்கைய விட்டுட்டீங்களா?"

பாலாமணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கிட்ட வந்து, காதோடு சொன்னாள்:

"அவன் காணாமப் போகவே இல்லீங்க, டாக்டரம்மா. நான் கேம்பு கேம்பா அழுதுகிட்டுத் திரிஞ்சப்பல்லாம் எங்க லயத்து வீட்டுப் பரண்லதான் ஒளிஞ்சிருந்தான். மழை தொடங்கினப்பதான் கடல் தாண்டிக் கரை சேர்ந்தான்."